போ ஜாக்சன் என்றொரு அதிசயம்

இன்று முழுக்க அமெரிக்க விளையாட்டு வீரர் போ ஜாக்சனின் பழைய காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலபாமாவின் பெஸ்ஸமரில் பத்துப் பிள்ளைகளில் எட்டாவதாகப் பிறந்தவர். ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து, பேஸ்பால், தடகளம் என மூன்றிலும் களம் இறங்கினார். 1985இல் கல்லூரிக் கால்பந்தின் உச்ச விருதான ஹைஸ்மன் கோப்பை அவருக்கே. மறு ஆண்டு தொழில்முறைக் கால்பந்து அணியொன்று முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தும் மறுத்துவிட்டு, கான்சஸ் சிட்டி ராயல்ஸுக்காக பேஸ்பால் ஆடப் போனார். அந்தத் துணிச்சலை என்னவென்று சொல்வது!

1987 முதல், ஒவ்வொரு பேஸ்பால் பருவமும் முடிந்ததும் ரெய்டர்ஸ் அணிக்காகக் கால்பந்தும் ஆடினார். தன் 25ஆவது பிறந்தநாளன்று சியாட்டிலில் ஒரே ஆட்டத்தில் பந்தோடு 221 யார்டுகள் ஓடினார்.

எனக்கு மிகவும் பிடித்தது 1989இல் அதே ஊரில் ஒரு பேஸ்பால் ஆட்டத்தில் அவர் எறிந்த ஒரு பந்து. இடப்பக்கச் சுவரோரம் பந்தைப் பிடிக்கிறார். ஓடிவந்து வேகம் கூட்டவில்லை, நின்ற இடத்திலிருந்தே எறிகிறார். பந்து தரையையே தொடாமல் விக்கெட் கீப்பரைப் போல் அமர்ந்திருக்கும் கேட்சரின் கையுறைக்குள் போய் விழுகிறது. ஓடிவந்துகொண்டிருந்த எதிரணி வீரர் ஹெரால்ட் ரெனால்ட்ஸ் அவுட். எத்தனை முறை பார்த்தாலும் நம்ப முடியவில்லை.

1991 ஜனவரியில் கால்பந்து ஆட்டமொன்றில் இடுப்பில் பட்ட காயம் எல்லாவற்றையும் மாற்றியது. இடுப்பு மூட்டில் இரத்த ஓட்டம் நின்று எலும்பு சிதைந்தது. கால்பந்து அத்தோடு முடிந்தது. ஆனாலும் செயற்கை மூட்டோடு 1993இல் சிகாகோ ஒயிட் சாக்ஸுக்காக மட்டை பிடித்தார். மட்டையின் முதல் வீச்சிலேயே, கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்ற ஹோம் ரன்!