கெவலார் மாதாவும் ஒரு அனுமதிக் கடிதமும்

யேர்மனிக்கு வந்த முதல் ஓகஸ்டில், கெவலார் மாதா திருத்தலத்துக்குப் போக எனக்கு இரண்டு தாள்கள் தேவைப்பட்டன. ஒன்று ரயில் ரிக்கெற். மற்றது வெளிநாட்டவர் அலுவலகத்தின் கடிதம். அகதி வழக்கு முடியும்வரை, ஒதுக்கிய மாவட்டத்தை விட்டு அனுமதியில்லாமல் வெளியே போகக்கூடாது என்பது அப்போதைய சட்டம். "மாதாவைப் பார்க்கவும் முத்திரை குத்தவேணுமோ?" என்று முகாமில் என் அறையில் இருந்த நண்பர் சிரித்தார். அவர் சைவம். ஆனாலும், "ஊரில மடு மாதா கோயிலுக்கு வந்தனான்தானே, இதுக்கும் வாறன்" என்று தானும் ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மடுவைப்போல காடும் பெரிய கோயிலுமாக எதையோ மனதில் வைத்துப் போனேன். கெவலார் நெதர்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். சதுக்கத்தில் 1654இல் கட்டிய ஆறுபக்கச் சிற்றாலயம். உள்ளே சுரூபம்கூட இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் செப்புத்தகட்டு அச்சுப்படம் ஒன்றுதான். முப்பதாண்டுப் போர்க்காலத்தில், 1641இல், ஹென்ட்ரிக் புஸ்மன் என்ற வியாபாரிக்கு "இங்கே எனக்கொரு சிற்றாலயம் கட்டு" என்று குரல் கேட்டதாம். அடுத்த வருடம் படத்தை வைத்தார்கள். இந்தக் கையகலப் படத்துக்கா இவ்வளவு அலைச்சல் என்று அப்போது எனக்குச் சலிப்பாகத்தான் இருந்தது.

வெளியே ஒரே தமிழ்ச் சனம். சேலைகள், குழந்தைகளின் அழுகை, மெழுகுதிரிப் புகை. நண்பர் திரியைக் கொளுத்தி, கற்பூரத்துக்குச் செய்வதுபோல சுடரின் மேல் கைகாட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். செபப்படத்தில் டொச்சில், அதாவது யேர்மன் மொழியில், ஏதோ எழுதியிருந்தது. என்னைவிட அவருக்குக் கொஞ்சம் டொச் தெரியும். எழுத்துக்கூட்டி வாசித்து, "கவலைப்படுற ஆக்களைத் தேற்றுறவவாம்" என்றார்.

அந்த நேரம் ஒலிபெருக்கியில் பிரார்த்தனை போய்க்கொண்டிருந்தது. "வியாதிக்காரருக்கு ஆரோக்கியமே... பாவிகளுக்கு அடைக்கலமே..." அம்மம்மா இரவில் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு விடாமல் ஓட்டும் அதே வரிசை. நாங்கள் சிறுவர்கள் தூங்கி விழுந்துகொண்டே பதில் சொல்வோம்.

"கஸ்திப்படுகிறவர்களுக்குத் தேற்றரவே."

கையில் இருந்த படத்தைப் பார்த்தேன். அதே பெயர்தான். ஊரிலிருந்து கடிதம் வந்து ஏழு மாதமாகியிருந்தது. பதில் சொல்ல வாய் திறந்தேன்; தொண்டை அடைத்துக்கொண்டது.

பக்கத்தில் நண்பர், சுற்றியிருந்தவர்களிடம் கேட்டுப் பிடித்துக்கொண்டதை, எனக்கும் சேர்த்துச் சத்தமாகச் சொன்னார்: "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

அப்புறம் மணிக்கூட்டைப் பார்த்தார். "கெதியா வாரும். கடிதம் இண்டைக்கு இரவு மட்டும்தான்."