பகிரும் பத்திரங்களுக்குக் கெடு வைப்பது

ஒரு சொத்து விற்பனைக்கு வந்துவிட்டால் அதன் ஆவணங்கள் எத்தனை பேர் கைக்குப் போய்ச் சேரும் என்பது விற்றுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தாய்ப்பத்திரம், அப்பா பெயரில் உள்ள கிரையப் பத்திரம், வாரிசுச் சான்றிதழ், பட்டா, 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று, சொத்துவரி ரசீது, விற்போர் அனைவரின் ஆதார், பான் அட்டைகள் என்று எல்லாவற்றையும் முன்பு ஜெராக்ஸ் எடுத்து, தரகருக்கு ஒரு செட்டும் வாங்க வருபவரின் வக்கீலுக்கு ஒரு செட்டும் கொடுப்பார்கள். இப்போது அவற்றை ஸ்கேன் செய்து ஒரு ஃபோல்டரில் போட்டு, அதன் லிங்க்கை வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறோம். எங்கள் குடும்ப வீட்டை விற்றபோது, உடன்பிறந்தவர்களில் கணினி பழகியவன் என்பதால் இந்த வேலை என்னிடம் வந்தது. அப்போது கடைப்பிடித்த ஒரு வழக்கத்தை இப்போது கேட்பவர்களிடமெல்லாம் வலியுறுத்தி வருகிறேன்: ஆவணத்தைப் பகிரும் அந்த நிமிடத்திலேயே, அந்தப் பகிர்வு எந்தத் தேதியோடு முடிகிறது என்பதையும் குறித்துவிட வேண்டும்.

பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தப் பிறகு வருவதே இல்லை. வீடு வேண்டாம் என்று முடிவு செய்தவர் அதைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்வதில்லை. பேசுவதை நிறுத்திவிடுகிறார், அவ்வளவுதான். தரகர் அடுத்த ஆளைக் கொண்டுவருகிறார். அவருடைய வக்கீல் வேறு, அவர் கடன் கேட்டிருக்கும் வங்கி வேறு. ஒவ்வொரு பேச்சுவார்த்தையும் முறிந்து போகும்போது, அதற்காகத் திறந்துவிட்ட கதவைச் சாத்த வேண்டும் என்று நினைவூட்ட எந்த நிகழ்வும் நடப்பதில்லை. விற்பனை நல்லபடியாக முடிந்துவிட்டாலோ, பணம் வந்த மகிழ்ச்சியில் டிரைவில் கிடக்கும் லிங்க்கை யார் நினைக்கப் போகிறார்கள்? கிரைய ஒப்பந்தம் எழுதும்போது மட்டும் மீதித் தொகையை 3 மாதத்துக்குள் செலுத்த வேண்டும் என்று மறக்காமல் கெடு எழுதுகிற நாம், அதே வீட்டின் ஆவணங்களைக் காட்டும்போது கெடு எதுவும் சொல்லாமல் காலம் முழுவதற்கும் திறந்து வைத்துவிடுகிறோம்.

இதில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கெடுவை எதன் மீது வைக்கிறோம் என்பதே. கூகுள் டிரைவில் ஒரு கோப்பை இரண்டு விதமாகப் பகிரலாம். ஒன்று, இன்னார் பார்க்கலாம் என்று அவருடைய மின்னஞ்சல் முகவரியைச் சேர்ப்பது. மற்றொன்று, லிங்க் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்று விட்டுவிடுவது. காலாவதித் தேதி வைக்கும் வசதி முதல் வகைக்குத்தான் உண்டு. அதாவது பெயர் தெரிந்த தனிநபருக்கோ குழுவுக்கோ கொடுத்த அனுமதிக்கு, அதிகபட்சம் ஓராண்டு வரை தேதி குறிக்கலாம். எவரும் பார்க்கலாம் என்று திறந்துவிட்ட லிங்க்குக்கு அங்கே தேதி வைக்கவே முடியாது. ஆபத்து அதிகமாக இருக்கும் இடத்தில்தான் பூட்டு இல்லை என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. லிங்க் என்பது சாவியைப் போன்றது. யார் கையில் இருக்கிறதோ அவருக்குக் கதவு திறக்கும், அவர் யாரென்று கதவு கேட்காது. இத்தகைய லிங்க்குகள் ஒரு காலத்துக்குப் பின் செயலிழக்க வேண்டும் என்று இணையத்துக்கான தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தொழில்நுட்பக் குழு 2014-லேயே ஒரு வரைவு ஆவணத்தில் பரிந்துரைத்தது. 2018 ஜூலையில் ரஷ்யாவின் யாண்டெக்ஸ் தேடுபொறியில், எவரும் பார்க்கலாம் என்று விடப்பட்டிருந்த கூகுள் ஆவணங்கள் தேடல் முடிவுகளாகவே வந்து நின்றன. அவற்றின் உரிமையாளர்களில் பலர், லிங்க்கை இரண்டு மூன்று பேருக்கு அனுப்பியதாகத்தான் எண்ணியிருப்பார்கள்.

தேதி வைக்கும் வசதியைப் பெரும்பாலான நிறுவனங்கள் பணம் கட்டுபவர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருப்பது சரியல்ல என்பது என் கருத்து. ஒன்டிரைவில் தனிநபர் கணக்கு வைத்திருப்பவர் லிங்க்குக்குத் தேதி குறிக்க வேண்டுமானால் மைக்ரோசாஃப்ட் 365 சந்தா வேண்டும். டிராப்பாக்ஸின் இலவசக் கணக்கில் அது கிடையாது. கூகுளிலும் எல்லா இலவசக் கணக்குகளுக்கும் அந்த வசதி வருவதில்லை. கூடுதல் இடத்துக்குப் பணம் கேட்பது புரிகிறது. கதவைச் சாத்துவதற்குப் பணம் கேட்பது எனக்குப் புரியவில்லை. இதற்கு மாறாக, நம் சொந்த சர்வரில் நிறுவிக் கோப்புகளைப் பகிர உதவும் கட்டற்ற மென்பொருளான நெக்ஸ்ட்கிளவுடில் லிங்க்குக்கே தேதி வைக்கலாம்; அதை நிர்வகிப்பவர் விரும்பினால், தேதி இல்லாமல் யாரும் லிங்க் உருவாக்கவே முடியாதபடி கட்டாயமும் ஆக்கலாம். மோசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் சென்ட் இதே வேலையை இலவசமாகவும் எளிமையாகவும் செய்தது. அனுப்பிய கோப்பு அதிகபட்சம் 7 நாளில் தானே மறைந்துவிடும். ஆனால் தீங்கு நிரல்களைப் பரப்புபவர்களுக்கும் அந்த எளிமை பிடித்துப்போனதால், 2020 ஜூலையில் அதை நிறுத்தி வைத்து, செப்டம்பரில் மூடியே விட்டார்கள்.

இலவசக் கணக்கோடு இருப்பவர்கள் செய்யக்கூடியது என்னவென்றால், மூலக் கோப்புகளைப் பகிராமல், ஒவ்வொரு தரப்புக்கும் தனியாக ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதில் நகல்களை மட்டும் வைத்து, முடியும் தேதியை ஃபோல்டரின் பெயரிலேயே எழுதி, அதே தேதிக்குக் காலண்டரில் ஒரு நினைவூட்டலும் வைத்துக்கொள்வதுதான். அந்த நாள் வந்ததும் பகிர்வை ரத்து செய்துவிட்டுப் பிறகு ஃபோல்டரை நீக்கலாம். இந்த வரிசை முக்கியம். டிரைவில் உரிமையாளர் ஒரு கோப்பை நீக்கினால் அது முதலில் குப்பைத்தொட்டிக்குத்தான் போகிறது. அங்கே 30 நாள் இருந்த பிறகே தானாக அழிகிறது. நிரந்தரமாக அழியும் வரை, ஏற்கெனவே அனுமதி பெற்றவர்கள் அதைத் திறந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம். நீக்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களில் பலருக்கு இது தெரியாது.

எந்தத் தேதியை வைப்பது என்பதை, ஆவணத்தைக் கேட்பவரின் வேலையே தீர்மானிக்கிறது. தரகருக்கு ஒரு வாரம் போதும். அவருக்குக் கிரையப் பத்திரத்தின் சொத்து விவரப் பக்கம் தவிர வேறு எதுவும் தேவையே இல்லை. வாங்குபவரின் வக்கீல் லீகல் ஒப்பீனியன் எழுதுவதற்கு மூன்று வாரம் கேட்டால், நான் ஒரு மாதம் கொடுப்பேன். வங்கிக் கடன் என்றால் பதிவு நாளோடு முடித்துவிடக் கூடாது. அதற்குப் பிறகு பட்டா மாறுதல், மின் இணைப்புப் பெயர் மாற்றம் என்று வாங்கியவருக்கு வேலைகள் இருப்பதால், இன்னும் இரண்டு மாதம் சேர்த்து வைப்பதே மரியாதை. தேதி நெருங்கி வேலை முடியாதிருந்தால் கேட்பார்கள், நீட்டித்துக் கொடுக்கலாம். அப்படிக் கேட்க வேண்டியிருப்பதைச் சிலர் தங்களை நம்பாததாக எடுத்துக்கொள்வதுண்டு. "தேதி தாண்டினால் திறக்காது, வேண்டுமென்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள் சார்" என்று லிங்க்கோடு சேர்த்து எழுதி அனுப்பினால் அந்தச் சங்கடம் பெரும்பாலும் எழுவதில்லை.

இவ்வளவும் செய்த பிறகும், கெடு என்பது பார்வையைத்தான் நிறுத்துகிறது, தரவிறக்கிக்கொண்ட நகலை அது தொடுவதில்லை. தரவிறக்கத்தைத் தடுத்து வைத்தாலும் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதை யார் தடுப்பது? ஆகவே, வெளியே போனால் திரும்பப் பெற முடியாதவை எவை என்று முன்பே பிரித்து வைப்பது தேதியைவிடப் பயன் தரும். ஆதாரின் முதல் 8 எண்களை மறைத்து, கடைசி 4 எண்களை மட்டும் காட்டும் நகலை, ஆதாரை வழங்கும் யுஐடிஏஐ ஆணையத்தின் தளத்திலேயே எடுக்கலாம். விலை பேசும் கட்டத்தில் அதற்கு மேல் யாருக்கும் தேவையில்லை. இ-ஆதார் கோப்புக்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்று சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். பெயரின் முதல் நான்கு எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததுதான் அந்தக் கடவுச்சொல், அவை இரண்டும் கூடவே அனுப்பும் பான் அட்டையில் அச்சாகியிருக்கின்றன.

வங்கிக் கணக்கு அறிக்கையைப் பொறுத்தவரை, நம் ஒப்புதலின் பேரில் அதை நம் வங்கியிலிருந்து பெற்றுக் கடன் தருபவர் போன்றோருக்கு இணையவழியே அனுப்பித்தரும் அக்கவுன்ட் அக்ரிகேட்டர் முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ரிசர்வ் வங்கி 2016-ல் விதிமுறை வகுத்து, 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாட்டில், எந்தத் தகவல், எந்தக் காரணத்துக்காக, எந்தத் தேதி வரை என்பதெல்லாம் நாம் கொடுக்கும் ஒப்புதலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றன. இடையில் ரத்து செய்யவும் முடியும். தேதி என்பது தேடிப் பிடித்துச் சேர்க்க வேண்டிய வசதியாக இல்லாமல், அது இல்லாவிட்டால் ஒப்புதலே முழுமையாகாது என்று அமைத்திருக்கிறார்கள். ஆவணப் பகிர்வு முழுவதையுமே இப்படி அமைத்திருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் கெடு வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்திலும், பட்டாவை வருவாய்த்துறையின் இணையதளத்திலும் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். ஏற்கெனவே பொதுவில் இருப்பதைப் பூட்டி வைப்பது வீண் வேலை. அண்ணனும் அக்காவும் பார்க்கும் குடும்ப ஃபோல்டருக்கும் நான் தேதி வைக்கவில்லை. அறுபது வயதைத் தாண்டிய அக்காவிடம், லிங்க் காலாவதியாகிவிட்டது, புதிதாக அனுப்புகிறேன் என்று அடிக்கடி சொல்லிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. மேலும், வீட்டை விற்றதில் வந்த மூலதன ஆதாயத்தை மூவரும் அவரவர் வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டியிருப்பதாலும், பின்னர் துறையிலிருந்து கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியிருப்பதாலும், அந்த ஆவணங்கள் இன்னும் சில ஆண்டுகள் எங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தாக வேண்டும். ஆடிட்டருக்கு மட்டும், கணக்குத் தாக்கல் முடியும் மாதக் கடைசி வரை அனுமதி கொடுத்திருக்கிறேன்.