கறுப்பு வெள்ளையில் ஒரு டைட்டானிக்
வல்வெட்டித்துறைக் கடற்கரையில் வளர்ந்த எனக்கு, கப்பல் மூழ்கும் படங்களில் இன்றும் மனத்தை விட்டகலாதது 1958இல் ரோய் வார்ட் பேக்கர் இயக்கிய ‘எ நைட் டு ரிமெம்பர்’தான். டைட்டானிக்கின் நான்காம் அதிகாரியாக இருந்து உயிர்தப்பிய ஜோசப் பொக்ஸ்ஹோலே ஆலோசகராக இருந்ததாலோ என்னவோ, காதல் கதை எதையும் முன்னிறுத்தாமல், தந்தி அறையின் பதற்றத்தையும், 2,200க்கும் மேற்பட்டோருக்கு 20 படகுகளே இருந்த கொடுமையையும் அது அத்தனை நிதானமாகக் காட்டுகிறது. கப்பல் முறியாமல் முழுதாகவே அமிழ்வதை நான் குறையாகக் கருதவில்லை. அது இரண்டாகப் பிளந்தது 1985இல் சிதைவு கண்டெடுக்கப்பட்ட பின்பே உறுதியானது. 1960இல் வெளியான ‘தி லாஸ்ட் வோயேஜ்’ படத்துக்காகவோ, உடைப்பதற்கு விற்கப்பட்ட ‘ஈல் து பிரான்ஸ்’ என்ற உண்மையான பயணிகள் கப்பலையே யப்பானின் கரையோரக் கடலில் பாதி மூழ்கடித்தார்கள். கடலோடிகளின் ஊரில் பிறந்தவனால் அந்தக் காட்சியைக் கலங்காமல் பார்க்க முடிவதில்லை.