தூண்டிலுக்குப் போகிறவர்களுக்கான கறள் பிடிக்காத கத்தி

முகத்துவாரத்திலோ நீர்கொழும்பிலோ தூண்டில் போடுகிறவர்களின் பெட்டியைத் திறந்து பார்த்தால், ரீலுக்கும் தடிக்கும் செலவழித்தது போக எஞ்சிய காசில் வாங்கிய கத்திதான் பெரும்பாலும் உள்ளே கிடக்கும். கடல் நீரில் ஏறத்தாழ 3.5 சதவீதம் உப்பு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கொழும்பின் காற்றே ஈரம். இந்த இரண்டுக்கும் நடுவில் எந்தக் கத்தி தாக்குப்பிடிக்கும் என்பதைக் கொஞ்சம் யோசித்து முடிவுசெய்வது நல்லது.

புறக்கோட்டையில் கத்தி கேட்டால், "தம்பி, இது அசல் சில்வர், கறளே பிடிக்காது, காந்தம் வச்சுப் பாருங்க, ஒட்டாது" என்று கடைக்காரர் சொல்லக்கூடும். "நானா, காந்தம் ஒட்டாத கரண்டி உருக்கில கூர் நிக்காதே" என்பதே அதற்கு என் பதில். கரண்டியும் சட்டியும் செய்யும் 18/8 வகை உருக்கு கறளை நன்றாகத் தாங்கும். ஆனால் அதைச் சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்க முடியாது. கத்திக்குப் பயன்படும் கறள் எதிர்ப்பு உருக்குகளில் மிகப் பெரும்பாலானவை காந்தத்தில் ஒட்டுபவையே. ஆகவே காந்தச் சோதனை இங்கே தலைகீழான விடையைத்தான் தரும்.

உருக்கில் குறைந்தது 10.5 சதவீதமாவது குரோமியம் இருந்தால், அது காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஒட்சைட்டுப் படலமாகி அலகைக் காக்கும். உப்பிலுள்ள குளோரைட்டு அந்தப் படலத்தை ஆங்காங்கே துளைத்து உள்ளே இறங்குகிறது. அதனால்தான் கடலுக்குப் போய்வந்த கத்தியில் கறள் ஊசிமுனைப் புள்ளிகளாகத் தோன்றுகிறது. அதுவும் பெயர் பொறித்த எழுத்துகளின் பள்ளத்திலும், அலகு பிடிக்குள் நுழையும் இடுக்கிலுமே முதலில் தோன்றுகிறது. பளபளவென்று மினுக்கிய அலகைவிட மணல் வீசிச் சொரசொரப்பாக்கிய அலகில் உப்பு அதிகம் தங்கும் என்பதால், பார்வைக்கு எடுப்பாக இருந்தாலும் பின்னதை நான் வாங்கமாட்டேன்.

குரோமியம் கூடக் கூடக் கறள் குறையும் என்ற கணக்கும் அப்படியே சரிவராது. கூர் நீண்டநாள் நிற்பதற்காகச் சேர்க்கும் காபன், குரோமியத்தில் ஒரு பங்கைத் தன்னோடு கட்டிப்போட்டு விடுகிறது. அப்படிக் கட்டுண்ட குரோமியத்தால் படலம் அமைக்க இயலாது. 440சி உருக்கில் 16 முதல் 18 சதவீதம் வரை குரோமியம் இருந்தும், காபன் ஒரு சதவீதத்தை ஒட்டி இருப்பதால் அதன் பெரும்பயன் கைக்கு வருவதில்லை. மாறாக, உலோகவியலாளர் லாரின் தோமஸ் வடிவமைத்து 2021இல் வெளிவந்த மக்னாகட் உருக்கில் குரோமியம் 11 சதவீதத்தைக்கூட எட்டுவதில்லை. ஆனால் அது கட்டுப்படாமல் நிற்பதால் 440சியைவிடக் கறளை நன்றாகத் தாங்குகிறது. காபனைக் குறைத்து நைதரசனைச் சேர்த்த எல்சி200என், காபன் மிகக் குறைந்த ஜப்பானிய எச்1 ஆகிய உருக்குகள் இன்னும் ஒரு படி மேல். உப்புநீரில் நனைந்தபடியே கிடந்தாலும் எளிதில் கெடாதவை. விலையும் அதற்கேற்றபடிதான்.

மாதத்தில் ஓரிரு முறை கரையில் நின்று பாரையும் விளைமீனும் பிடிப்பவருக்கு அவ்வளவு தேவையில்லை என்பதே என் கருத்து. மீன் அரிவதற்கு, ஜெர்மானியக் கத்திகளில் பரவலாக உள்ள, அரை சதவீதக் காபனும் 15 சதவீதக் குரோமியமும் கொண்ட உருக்கில் செய்த, மெல்லியதாய் வளையும் அலகு போதும். மோரா நிறுவனத்தின் கத்திகளில் வரும் சுவீடனின் 12சி27 உருக்கும் இதே தரத்தை ஒட்டியது. இவை கூரைச் சற்று விரைவாக இழந்தாலும், சாதாரணத் தீட்டுக்கல்லில் சில இழுப்புகளில் மீண்டுவிடும். கடினமான உருக்கை வள்ளத்தில் இருந்துகொண்டு தீட்டுவது பெரும் வேலை. விலை கூடிய நைதரசன் உருக்கை, இடுப்பில் செருகிக் கொண்டுபோய் நைலோன் கயிறு அறுக்கும் கத்திக்கு ஒதுக்கலாம். அவசரத்தில் கை போவது அதற்குத்தான், அதைக் கழுவ மறப்பதும் வழக்கம்.

பிடியைப் பொறுத்தவரை, மரப்பிடி வேண்டாம். மீன் கொழுப்பு பட்டாலும் வழுக்காத, அலகைச் சுற்றி இடைவெளியின்றி வார்த்த பிளாஸ்டிக் அல்லது ரப்பர் பிடி நல்லது. தோலுறை உப்பு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு அலகைத் தொட்டபடியே இருக்கும் என்பதால், அடியில் நீர் வடியும் துளையுள்ள பிளாஸ்டிக் உறையைத் தேடுங்கள். வீட்டுக்கு வந்ததும் கத்தியை மட்டும் கழுவி, உப்பு காய்ந்த உறைக்குள் திரும்பவும் செருகுபவர்கள் ஏராளம். இரண்டையும் குழாய்த் தண்ணீரில் கழுவி, துடைத்து, தனித்தனியே உலரவிட வேண்டும். நீண்ட நாள் எடுக்காமல் வைப்பதாயின் உணவில் பட்டாலும் தீங்கில்லாத கனிம எண்ணெயைத் துளி பூசலாம். தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடித்து ஒட்டும்.