பொண்ணு இல்ல, பன்னு

தாய்மாமன் என்றால் எங்கள் பக்கம் இரண்டு வேலைக்குத்தான் கூப்பிடுவார்கள். ஒன்று சீர் செய்ய, இன்னொன்று புத்தி சொல்ல. முதலாவதில் பணம் போகும், இரண்டாவதில் மரியாதை போகும். போன மாதம் அக்கா கூப்பிட்டது இரண்டாவதற்கு.

அக்கா மகன் பி.காம். முடித்துவிட்டு இரண்டு வருடம் ஓர் ஆடிட்டர் ஆபீசில் இருந்தான். திடீரென்று ஒருநாள் “நைட் ஷிப்ட் வேலை கிடைச்சிருக்கும்மா” என்று சொல்லிவிட்டு ராத்திரி ஒரு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தான். காலையில் எட்டு மணிக்கு வருவான், குளிப்பான், தூங்குவான். கால் சென்டராக இருக்கும் என்று அக்காவும் விட்டுவிட்டாள். அப்புறம் பையன் தலையில் வெள்ளை வெள்ளையாக என்னமோ இருக்கிறதே என்று பொடுகு ஷாம்பு வாங்கி வைத்திருக்கிறாள். குளித்தால் போகிறது, மறுநாள் காலையில் புதிதாக வருகிறது. மூன்றாவது வாரம் துவைக்கப் போட்ட சட்டையை மோந்து பார்த்தால் வெண்ணிலா வாசம். அவ்வளவுதான். பையனுக்கு ஏதோ சகவாசம், அதுவும் சென்ட் போடுகிற பொண்ணு என்று முடிவே கட்டிவிட்டாள்.

அன்றைக்கு ராத்திரி அத்தான் டிவிஎஸ் 50ஐ எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். மதுரை செல்லூர்ப் பக்கம் ஒரு சந்துக்குள் வண்டி நின்றது. கால் மணி நேரம் கழித்து அக்காவுக்குப் போன்: “ஏம்மா, பொண்ணு இல்ல, பன்னு.”

ஒரு பழைய பேக்கரியின் பின்வாசலில் அக்கா மகன் பனியனோடு மைதா மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தானாம். “பொண்ணா இருந்தாக்கூடக் கட்டி வச்சுத் தொலைஞ்சிருப்பேன்டா” என்று அக்கா என்னிடம் அழுதாள். “ரொட்டி மாஸ்டருக்கு எவன்டா பொண்ணு கொடுப்பான்? நீ போய் எடுத்துச் சொல்லு.”

எடுத்துச் சொல்வதில் எனக்கு அனுபவம் உண்டு, பலன்தான் கண்டதில்லை. அதனால் குறுக்கு வழி ஒன்று யோசித்தேன். நாம் சொன்னால் கேட்க மாட்டான், அங்கே இருக்கிற பெரிய மாஸ்டரையே “இந்தத் தொழில் வேண்டாம்டா தம்பி” என்று சொல்ல வைத்துவிட்டால் வேலை முடிந்தது. நாற்பது வருடம் நெருப்பு முன்னால் நின்ற மனுஷர், கட்டாயம் நொந்துபோய்த்தான் இருப்பார் என்பது என் கணக்கு.

ராத்திரி இரண்டு மணிக்குப் போனேன். தூங்காநகரம் என்று ஊருக்குப் பெயர் இருக்கிறதே தவிர, அந்நேரத்துக்கு இட்லிக் கடையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லாம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்கள்தான். நிஜமாகவே தூங்காதவர்கள் இந்த மாதிரிச் சந்துகளில் இருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் முகத்தில் அனல் அடித்தது. சின்ன அறை அளவுக்குச் செங்கல் அடுப்பு, வாய் மட்டும் ஓர் ஆள் குனிந்து எட்டிப் பார்க்கிற அகலம். மாஸ்டர் அதை போர்மா என்கிறார், கேரளாப் பக்கம் தொழில் பழகியவர். சீமைக்கருவேல விறகை அதற்குள்ளேயே போட்டு எரித்து, செங்கல்லில் சூடு ஏறியதும் கங்குகளை எல்லாம் வழித்து எடுத்துவிட்டு, ஈரச் சாக்கைக் கம்பில் கட்டி உள்தரையைத் துடைக்கிறார்கள். அதற்கப்புறம் நெருப்பே கிடையாது. செங்கல் பிடித்து வைத்திருக்கிற சூட்டில்தான் மொத்த வேலையும்.

“சூடு எவ்வளவுன்னு எதுல பார்ப்பீங்க மாஸ்டர்?” என்று கேட்டேன், மீட்டர் எதையாவது காட்டுவார் என்று. ஒரு கை மாவை அள்ளி உள்ளே வீசினார். உடனே கருகிவிட்டது. “இன்னும் கொஞ்சம் தணியணும். வேணும்னா நீங்க கையை நீட்டிப் பாருங்க, பத்து எண்ணுங்க.” நான் மூன்றில் கையை எடுத்துவிட்டேன். “ரெண்டாவது வீச்சுல மாவு பைய செவக்கும், அப்பத்தான் பன்னு உள்ள போகணும். இப்ப வச்சா மேல கரி, உள்ள களி.”

அக்கா மகன் இந்தப் பக்கம் மாவு உருட்டிக்கொண்டிருந்தான். பேலன்ஸ் ஷீட்டில் பத்து ரூபாய் இடித்தால் ராத்திரி முழுக்க முழிக்கிறவன், இப்போது இரண்டு கையிலும் ஒவ்வொரு உருண்டையாக ஒரே நேரத்தில் உருட்டி, பார்க்காமலே தட்டில் வைக்கிறான். நானும் ஒன்று உருட்டினேன். பிள்ளையார் சதுர்த்திக்கு ஆகும், பன்னுக்கு ஆகாது என்று சொல்லி மாஸ்டர் அதைப் பிசைந்து திரும்ப மாவிலேயே போட்டுவிட்டார். ஒரு மூட்டை மைதா, 50 கிலோ. தண்ணீர், சீனி, டால்டா எல்லாம் சேர்ந்தால் எண்பது கிலோவைத் தாண்டும். உருண்டை 55 கிராம் என்றால் ஆயிரத்து நானூற்று ஐம்பதுக்கு மேல் பன், ஒரு ராத்திரியில். கோடையில் ஐஸ் கட்டியைப் போட்டுப் பிசைவார்களாம், இல்லாவிட்டால் மதுரை வெயிலுக்கு ஈஸ்ட் அவசரப்பட்டு மாவைப் பொங்க வைத்துவிடும், உருட்டி முடிப்பதற்குள் புளித்துப்போகும். மார்கழியில் அப்படியே தலைகீழ், மாவுக்குச் சாக்குப் போர்த்தி வைக்க வேண்டும்.

சரி, வந்த வேலையைப் பார்ப்போம் என்று மாஸ்டரை ஓரமாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். “நானே சொல்லணும்னுதான் இருந்தேன் சார்” என்று ஆரம்பித்தார், எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. டீக்கடைக்குப் பன் ஆறு ரூபாய்க்குப் போகிறதாம், அவர்கள் அதை இரண்டாக அறுத்து வெண்ணெயும் ஜாமும் தடவி முப்பத்தைந்துக்கு விற்கிறார்களாம். “நம்ம ஊர் பன் பட்டர் ஜாம் பன் பட்டர் ஜாம்னு ஊரெல்லாம் பேசுறான், அதுல பன்னு யாரு போட்டான்னு ஒருத்தனாவது கேட்டிருக்கானா?” நியாயமான கேள்வி. நானே கேட்டதில்லை. விறகு அடுப்பு ருசியே தனி என்று போட்டோ எடுக்க வருகிறவர்கள் பற்றிக் கேட்டேன். “கரண்ட் அடுப்பு தங்கம் சார். பொத்தானை அமுக்குனா சூடு, புகை கிடையாது. ருசி என்ன ருசி, என் நெஞ்சுச் சளியைக் கேளுங்க.”

பிறகு வரிப் பக்கம் போனார். 2024 செப்டம்பரில் கோயம்புத்தூரில் ஓர் ஓட்டல்காரர் நிதியமைச்சரிடமே, பன்னுக்கு ஜிஎஸ்டி இல்லை, உள்ளே வைக்கிற கிரீமுக்கு 18 சதவீதம், கஸ்டமர் இரண்டையும் தனித்தனியாகக் கொடு, நானே வைத்துக்கொள்கிறேன் என்கிறார் என்று கேட்டாரே, அதை மாஸ்டர் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். 2025 செப்டம்பர் 22லிருந்து கேக், பிஸ்கட்டுக்கெல்லாம் 5 சதவீதம் ஆகிவிட்டதே என்றேன். “ஆச்சு. டால்டா குறைஞ்சுச்சா?”

இதற்கு மேல் என்ன வேண்டும்? நான் ஜெயித்த முகத்தோடு மருமகனைப் பார்த்தேன். அவன் தட்டை அடுக்கிக்கொண்டே, “மாமா, ரஸ்க் கதையைக் கேட்டீங்களா?” என்றான். கேட்டது தப்பு. மாஸ்டர் முகமே மாறிவிட்டது. அடுப்பு முழுச் சூட்டில் இருக்கும்போது பன்னும் ரொட்டியும், கொஞ்சம் தணிந்ததும் கேக், இன்னும் தணிந்ததும் பிஸ்கட், கடைசியில் கைச்சூட்டுக்கு வரும்போது மிஞ்சிப்போன ரொட்டியை அறுத்து அடுக்கிவிட்டால் மறுநாள் ரஸ்க். ஒரே விறகுக்கு நாலு சரக்கு. விற்காத ரொட்டி நஷ்டம் இல்லை, நாளைக்கு ரஸ்க். அதற்கும் அப்புறம் மிச்சச் சூட்டில் இரண்டு கத்தரிக்காயைத் தள்ளி வைத்தால் மாஸ்டருக்குக் காலைக் கஞ்சிக்குத் துவையல். கேட்கக் கேட்க எனக்கே ஒரு அடுப்பு கட்டலாமா என்று தோன்றிவிட்டது. இதுதான் ஆபத்து.

நான் கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். “டேய், மாஸ்டராவே இருந்தா காலம் பூரா ராத்திரிக் கூலிதான்டா. அப்படியே ஆசையா இருந்தா ஆளை வச்சு முதலாளியா கடை போடு. நீ எதுக்கு உருட்டணும்?”

“உருட்டத் தெரியாம முதலாளி ஆனவரு முன்னாடி கடையில உக்காந்திருக்காரு மாமா. போன தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது மாஸ்டர் கோவிச்சுக்கிட்டு ஊருக்குப் போயிட்டாரு. முதலாளி பஸ் ஏறிப் போய் வெத்தலை பாக்கோட கூட்டிட்டு வந்தாரு.”

மாஸ்டர் அடக்கமாக அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்னமும் இல்லை. கூலிக்கு உருட்டுகிறவனுக்கு இது தேறாது, உருட்டத் தெரியாத முதலாளிக்கும் தேறாது, இரண்டும் ஒரே ஆளாக இருந்து பகலில் தூங்கவும் முடிந்தால் தேறும் என்றுதான் படுகிறது. அவனும் அதைத்தான் சொல்கிறான், ஐந்து வருடம் கேட்கிறான். இந்த ஐந்து வருடத்தை அக்காவிடம் யார் சொல்வது?

நாலு மணிக்கு முதல் ஈடு வெளியே வந்தது. நீளத் துடுப்பால் மாஸ்டர் ஒவ்வொரு தட்டாக இழுக்க, நான் வாங்கி வாங்கி அடுக்கினேன். யாரும் கேட்கவில்லை, கை சும்மா இருக்கவில்லை. சூடாக ஒன்றைப் பிய்த்துக் கொடுத்தார். புத்தி சொல்ல வந்தவன் நாலு தின்றேன்.

விடிந்து வீட்டுக்குப் போனால் என் வீட்டுக்காரி வாசலிலேயே நிறுத்தி, கிட்டே வந்து சட்டையை மோந்தாள். தலையைப் பார்த்தாள். “அக்கா வீட்டுக்குன்னு சொல்லிட்டுத்தான போனீங்க?” என்றாள். நான் கையில் இருந்த பன் பொட்டலத்தை நீட்டினேன். நம்பினாளா என்று தெரியவில்லை, வாங்கிக்கொண்டாள்.

அக்காவிடம் பையன் உணவு உற்பத்தித் துறையில் பயிற்சியில் இருக்கிறான் என்று சொல்லி வைத்தேன். அதை அவள் இன்னும் மெருகேற்றி, சொந்தக்காரர்களிடம் “ஃபுட் புரொடக்‌ஷன், நைட் ஷிப்ட்” என்கிறாள். நேற்று மறுபடி போன். திருமங்கலத்தில் ஒரு பொண்ணு வீட்டில் விசாரிக்கிறார்களாம், எந்தக் கம்பெனி என்று. அவர்களுக்கும் நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டுமாம்.