ஒன்பது பாக்கெட் தாள்

ஜூன் 9, 2025, திங்கள்

இன்று பேஸ்பால் ஆட்டக்காரர் டேவ் பார்க்கருக்கு 74 வயது. 1991இல் ஆட்டத்தை விட்ட மனிதர். அடுத்த மாதம் 27ஆம் தேதிதான் கூப்பர்ஸ்டவுனில், பேஸ்பால் புகழ் மண்டபத்தில், அவருக்கு வெண்கலப் பலகை வைக்கப்போகிறார்கள்.

ஆல்பத்தில், 1979இல் கோப்பை வென்ற எங்கள் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் தாள்களைப் புரட்டினேன். அவர் பாக்கெட்டில் இருப்பது கையெழுத்து இல்லாத கார்டு. அதை அவருக்கே தபாலில் அனுப்பிக் கையெழுத்துக் கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்தே காலம் போகிறது. பார்க்கின்சன் நோய் இருக்கிறது என்று 2013லேயே சொல்லிவிட்டவரிடம் போய், "அன்புகூர்ந்து ஒரு கையெழுத்து" என்று எந்த முகத்தோடு எழுதுவது?

ஜூன் 12

அக்கா போன் செய்தாள். வங்கியில் மறுபடியும் அப்பாவின் கையெழுத்து ஒத்துவரவில்லையாம். செக் திரும்பி வந்துவிட்டது.

ஜூன் 14, சனி

தபால் பெட்டியில் என் கையெழுத்திலேயே எனக்கு ஒரு கவர்!

அந்தக் காலத்தில் பத்திரிகைக்குக் கதை அனுப்புகிறவர்கள் தபால்தலை ஒட்டிய சுயவிலாசமிட்ட உறை ஒன்றை உள்ளே வைப்பார்களே, அதேதான் இதுவும். அவர்களுக்கு அது திரும்பி வந்தால் துக்கம், எனக்குக் கொண்டாட்டம். யாரிடமிருந்து என்று வெளியே தெரியாது. தபால் முத்திரையை வைத்து ஊகிக்க வேண்டும். முத்திரை பிட்ஸ்பர்க். உடனே பிரிக்காமல் ஜன்னல் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். "அதைப் பிரிச்சுத்தான் பாருங்களேன்" என்று இவள் அதட்டிய பிறகு பிரித்தேன்.

கென்ட் டெகுல்வி, 1979 அணியின் பந்துவீச்சாளர். நான் அனுப்பிய கார்டில் நீல ஷார்ப்பி பேனாவில் கையெழுத்து.

எல்லாரும் வேண்டாம் என்று ஒதுக்கும், டாப்ஸ் கம்பெனியின் 1980 கார்டுகளை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1979 டாப்ஸில் டிம் ஃபோலி மெட்ஸ் அணிச் சட்டையில் நிற்கிறார், பில் மேட்லாக் ஜயன்ட்ஸ் சட்டையில். இருவரும் அந்த வருடம் சீசன் தொடங்கிய பிறகு பைரேட்ஸுக்கு வந்து சேர்ந்தவர்கள். கோப்பையை வென்ற அணியை அணியாகப் பார்க்க 1980தான் சரி. ஆனால் அந்த வருடம் டாப்ஸ்காரன் ஒவ்வொரு கார்டிலும் வீரரின் கையெழுத்தை முன்பக்கத்தில் அச்சடித்தே விட்டான். அதன்மேல் நிஜக் கையெழுத்தும் வந்தால் கார்டு அலங்கோலமாகிவிடுகிறது என்பது சேகரிப்பவர்களின் குறை. எனக்கு அந்த அலங்கோலம்தான் வேண்டியிருக்கிறது. டெகுல்வி கார்டில் 1979க்கு முன்பு போட்டது மேலே, போன வாரம் போட்டது கீழே. முதல் எழுத்து இரண்டிலும் ஒன்றேபோல் நிமிர்ந்து நிற்கிறது. கடைசி எழுத்துகள் இப்போது படுத்துவிட்டன.

2014இல் இவருக்கு இதய மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. இதயம் வேறொருவருடையது, கை மட்டும் 1979 அக்டோபர் 17 அன்று பால்டிமோரில் தரையை உரசுகிற மாதிரி கீழேயிருந்து பந்து எறிந்த அதே கை. உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம், கடைசிப் பந்து. எதிரணியின் பாட் கெல்லி உயரத் தூக்கினார், சென்டரில் ஓமர் மொரேனோ பிடித்தார். 3-1 என்று பின்தங்கியிருந்த அணி 4-3 என்று தொடரை வென்றது. நான் பிறக்கவே இல்லை அப்போது. யூடியூபில் பார்த்துப் பார்த்து நேரில் பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

ஜூன் 20

அரிசோனாவில் ஃபீனிக்ஸுக்குக் குடிபோவது உறுதியாகிவிட்டது. ஆகஸ்ட் நடுவில் லாரி வரும்.

எல்லாரும் பள்ளிக்கூடம், வீட்டுக்கடன், வெயில் என்று பேசுகிறார்கள். எனக்கு ஒரே கவலை. வெளியே போயிருக்கிற கவர்கள். ஒவ்வொன்றின் உள்ளேயும் இந்த வீட்டு விலாசத்தை என் கையாலேயே எழுதி வைத்து அனுப்பியிருக்கிறேன். சிலர் பத்து நாளில் திருப்பி அனுப்புவார்கள். சிலருக்கு இரண்டு வருடம் ஆகும், ஒரு மூட்டையாகச் சேர்த்து வைத்து ஏதோ ஒரு மழைநாளில் உட்கார்ந்து எல்லாவற்றிலும் போட்டு அனுப்புவார்கள். தபால்காரர் புது விலாசத்துக்குத் திருப்பிவிடுவது பன்னிரண்டு மாதம் வரைதான். காசு கட்டினால் இன்னும் பதினெட்டு மாதம் நீட்டிக்கலாம். அதற்குப் பிறகு வந்தால்? இந்த வீட்டுக்கு வருபவர் பிரித்துப் பார்த்து, யாரோ ஒரு கிழவரின் படம் போட்ட பழைய அட்டை என்று குப்பையில் போட்டால்? அதிலும் மொரேனோ இருப்பது பனாமாவில். அமெரிக்கத் தபால்தலை அங்கே செல்லாது. முன்பெல்லாம் இதற்கென்று கூப்பன் ஒன்று விற்பார்கள், 2013இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். டாலர் நோட்டை மடித்து வைத்து அனுப்பியிருக்கிறேன். நோட்டு போனாலும் சரி, கார்டு வரட்டும்.

இவளிடம் சொன்னேன். "புது விலாசம் எழுதி எல்லாருக்கும் இன்னொரு கவர் அனுப்பிடுங்க" என்றாள். ஒரு கையெழுத்துக்கே கெஞ்சுகிறோம், இதில் இரண்டு கடிதம் போட்டுத் தொந்தரவு வேறா.

ஜூன் 24

சின்னவனுக்குப் பொறுமை கிடையாது. கடையில் பாக்கெட் வாங்கினால் சில சமயம் உள்ளேயே கையெழுத்துக் கார்டு வருகிறதே, பிறகு எதற்குக் கடிதம் என்கிறான். பைரேட்ஸ் பந்துவீச்சாளர் பால் ஸ்கீன்ஸின், உலகிலேயே ஒன்றே ஒன்று இருக்கும் கார்டு கலிபோர்னியாவில் பதினோரு வயதுப் பையனுக்குப் பாக்கெட்டில் கிடைத்தது, மார்ச்சில் ஏலத்தில் 11 லட்சத்து 10 ஆயிரம் டாலருக்குப் போனது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தப் பாக்கெட்டும் நிதானமாகப் பிரிக்கப்படுவதில்லை. அவனுக்குக் கிடைத்த கையெழுத்துகளில் பாதி ஸ்டிக்கரில் போட்டு கார்டில் ஒட்டியவை. வீரர் அந்தக் கார்டைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். இதைச் சொன்னால் அவனுக்குக் கோபம் வருகிறது. சரி, சொல்லவில்லை.

ஜூன் 28, சனி

பார்க்கர் போய்விட்டார்.

மெட்ஸுடன் ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் மைதானத்தில் அறிவித்து மௌன அஞ்சலி செலுத்தினார்களாம். இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தால் மேடையில் உட்கார்ந்திருப்பார்.

ஜூன் 29

நேற்று 9-2, முந்தாநாள் 9-1, இன்று 12-1. இந்த அணி மெட்ஸை இப்படி அடிப்பதை எப்போது பார்த்தோம்! பார்க்க மனமில்லை.

ஊரெல்லாம் பார்க்கர் புராணம். 1978இல் ஹோம் பிளேட்டில் மோதிக் கன்ன எலும்பு உடைந்து, முகமூடி போட்டுக்கொண்டு வந்து ஆடி, அந்த வருடமே எம்.வி.பி. என்ற சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியது, 1979 ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் ரைட் ஃபீல்டிலிருந்து எறிந்து இரண்டு பேரை அவுட் ஆக்கியது. எல்லாம் உண்மை. வருடத்துக்குப் பத்து லட்சம் டாலர் சம்பளம் என்று ஆனதும் இதே ஊர்க்காரர்கள்தான் 1980இல் அவர்மேல் பேட்டரியை வீசினார்கள். அதை இன்று ஒருவரும் எழுதக் காணோம். கையெழுத்துக் கார்டின் விலை மட்டும் நேற்று ராத்திரியே ஏறிவிட்டது.

ஜூலை 3

தூக்கம் வரவில்லை. அனுப்பியிருக்கலாம். அனுப்பாமல் இருந்ததும் நல்லதுதான். இரண்டும்தான்.

ஜூலை 6, ஞாயிறு

அப்பா விஷயம் எனக்குப் புரியவே இல்லை. ஆளே நேரில் போய் உட்கார்ந்திருக்கிறார். ஆதார் இருக்கிறது, முகம் இருக்கிறது, கவுண்டரில் இருக்கும் பெண்ணுக்கு அவரை நன்றாகத் தெரியும், "வாங்க சார்" என்றுதான் கூப்பிடுகிறாள். ஆனாலும் கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் பணம் கிடையாதாம். கைநாட்டு வைத்துவிடுங்கள், இரண்டு சாட்சி போதும் என்கிறார்கள். நாற்பது வருடம் வாத்தியார் வேலை பார்த்தவரிடம்.

இங்கேயும் அதே கூத்துதான். கையெழுத்து அசலா என்று பார்த்து முத்திரை ஒட்டிக் கொடுக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. அவர்களும் பழைய மாதிரிகளை வைத்து ஒப்பிட்டுத்தான் சொல்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. தொண்ணூறுகளில் எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்று பெயர் வைத்து வேட்டையாடுகிற அளவுக்குக் கள்ளக் கையெழுத்து பெருகிக் கிடந்தது. பொய்க் கையெழுத்துப் போடுகிறவன் ஆளின் நல்ல காலத்துக் கையெழுத்தைத்தான் பார்த்துப் பழகுவான், அச்சுப் பிசகாமல் போடுவான். நிஜமான ஆளுக்குத்தான் கை நடுங்கும்.

அப்பாவிடம் பேசினேன். "உங்க ஊர்ல மழையாப்பா?" என்று கேட்டார். வங்கி பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜூலை 9

1979 அணியின் ரென்னி ஸ்டென்னெட் கார்டு யாரிடமாவது நியாயமான விலைக்கு இருக்கிறதா? 2021இல் இறந்துவிட்டார். ஒரே ஆட்டத்தில் ஏழு முறை வந்து ஏழு ஹிட் அடித்தவர், 1975இல், கப்ஸுக்கு எதிராக, 22-0. அவர் கார்டை ஐந்து டாலருக்கு விற்க நினைப்பவனும் அறியாதவன், ஐம்பது கேட்பவனும் அறியாதவன்.

ஜூலை 13

தபால்தலை 73 சென்ட்டிலிருந்து 78 ஆகிவிட்டது. என் கவர்களுக்குள் இருப்பதெல்லாம் ஃபாரெவர் தபால்தலை. எப்போது ஒட்டியிருந்தாலும் செல்லும். கவலைகளில் ஒன்று கழிந்தது.

ஜூலை 19, சனி

பழைய கார்டு விற்கும் கடைக்குப் போனேன், சும்மாதான். ஊரை விட்டுப் போகும் முன் ஒருமுறை.

கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கர் இரண்டு இருந்தது. இரண்டும் 1980 டாப்ஸ், இரண்டும் முத்திரை வாங்கியவை. ஒன்றில் கறுப்பு மையில் அகலமாக, கார்டின் பாதி நீளத்துக்கு ஓடும் கையெழுத்து. மற்றது நீலம். எழுத்துகள் சிறியவை, ஒன்றோடு ஒன்று நெருக்கியடித்து நின்றன. பேனா அங்கங்கே நின்று நின்று போன இடத்தில் மை புள்ளியாகத் தேங்கியிருந்தது. கோடு நேராகப் போகவில்லை, அறுத்த ஓரம் போல் பல்லுப் பல்லாக ஏறி இறங்கியது. கடைசி எழுத்து முடிவதற்குள் கார்டின் ஓரமே வந்துவிட்டது. மேலே அச்சடித்த இளமைக் கையெழுத்து ஒரே இழுப்பில் போட்டது.

கடைக்காரர் கறுப்பைத்தான் எடுத்து நீட்டினார். நீலம் கடைசி வருடங்களில் போட்டது, பார்க்க அழகில்லை, யாரும் கேட்பதில்லை, பாதி விலைக்குத் தருகிறேன் என்றார்.

நீலத்தை வாங்கிக்கொண்டேன். பேரம் பேசவில்லை.

ஜூலை 20

இவள் பார்த்துவிட்டு, "மாமா கையெழுத்து மாதிரியே இருக்கு" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சின்னவன், எழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடித்தான்.

ஜூலை 27, ஞாயிறு

அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து கூப்பர்ஸ்டவுன் விழாவைப் பார்த்தோம். இச்சிரோ, சபாத்தியா, வாக்னர் மூவரும் தங்களுக்காகத் தாங்களே பேசினார்கள். பார்க்கருக்காக மகன் பேசினார். அப்பா இந்த நாளுக்கென்று எழுதி வைத்திருந்த கவிதையை வாசித்தார். கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கவிதை நல்ல கிண்டல்தான்.

இவரைப் போலவே காலமான பிறகு பலகை பெற்ற டிக் ஆலனுக்காக மனைவி பேசினார். இரண்டு பேரையும் உயிரோடு இருக்கும்போதே கூப்பிட இவர்களுக்கு என்ன கேடு?

ஜூலை 31

நேற்று பைரேட்ஸ்காரர்கள் ஹேஸை ரெட்ஸ் அணிக்கு விற்றார்கள். இன்று பெட்னரை யாங்கீஸ் அணிக்கு. பெட்னர் பக்கத்திலே மார்ஸ் என்ற ஊர்க்காரர், சின்னவனுடைய கார்டில் வேலியோரம் நின்று கையெழுத்துப் போட்டவர். பையன் சாப்பிடாமல் படுத்துவிட்டான். மைதானத்தில் கூட்டம் "அணியை விற்றுத் தொலை" என்று முதலாளியைப் பார்த்துக் கத்துகிறது. அவர் விற்கிறார், அணியை அல்ல, ஆட்டக்காரர்களை.

ஆகஸ்ட் 3

கார்டுகள் லாரியில் போகாது. மூடிய லாரிக்குள் அரிசோனா வெயிலில் அட்டை வளைந்துவிடும். ஒவ்வொன்றையும் மெல்லிய உறையில் போட்டு, கெட்டி பிளாஸ்டிக்கில் செருகி, ஷூ பெட்டியில் அடுக்கியாகிவிட்டது. ஆல்பம் என் மடியில் வரும். விமானத்தில் மேலே வைக்கவும் விடமாட்டேன் என்றேன். இவள் பார்த்த பார்வை இருக்கிறதே.

1979 அணியின் மானி சாங்கியன் கார்டைக் கடைசியில் வைத்தேன். முன்பெல்லாம் பைரேட்ஸ் மைதானமான பி.என்.சி. பார்க்கில் சென்டர் ஃபீல்டுக்குப் பின்னால் தன் பெயரில் இருந்த பார்பிக்யூ கடையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வரிசையில் வருபவருக்கெல்லாம் போட்டுக்கொடுப்பார். கார்டில் ஒரு மூலையில் லேசாக எண்ணெய் பட்டிருக்கிறது. விற்பவன் அதை அழுக்கு என்பான்.

ஆகஸ்ட் 6

அக்கா வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள். அப்பா தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறாராம், ராத்திரியில், யாருக்கும் தெரியாமல். பெரிதாக்கிப் பார்த்தேன். இனிஷியல் நன்றாக விழுகிறது. பெயரின் பாதியில் கோடு அதிர ஆரம்பிக்கிறது. முடிவில் ஒரு கொக்கி போட்டுக் கீழே இழுத்து இரண்டு புள்ளி வைப்பார், என் ரேங்க் கார்டுகளில் எல்லாம் இருக்கும். இப்போது கொக்கி இல்லை. இரண்டு புள்ளியை மட்டும் மறக்காமல் வைத்திருக்கிறார்.

அந்தத் தாள்களைத் தூக்கிப் போடாதே, எடுத்து வை என்று அக்காவுக்கு எழுதினேன். "எதுக்குடா?" என்கிறாள்.

ஆகஸ்ட் 10

பனாமாவிலிருந்து ஒன்றும் இல்லை. மேட்லாக்கும் இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

விலாச மாற்றம் பதிவு செய்தாயிற்று. இந்த வீட்டை வாங்கியவருக்கு ஒரு சீட்டு எழுதி சமையலறை அலமாரியில் ஒட்டினேன்: இந்தக் கையெழுத்தில் கவர் எது வந்தாலும், எத்தனை வருடம் கழித்து வந்தாலும், கீழே உள்ள விலாசத்துக்கு அனுப்பவும். பக்கத்தில் ஃபாரெவர் தபால்தலை ஒரு அட்டை. பெயிண்ட் அடிக்கும்போது பிய்த்துவிடுவார்கள் என்கிறாள் இவள். அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டலாமா?

கிளை மேலாளர் வெள்ளிக்கிழமை வீட்டுக்கே வந்து புது மாதிரிக் கையெழுத்து எடுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறாராம். வெள்ளிக்கிழமை இங்கே சுதந்திர தினம் இல்லை, அங்கே விடுமுறை ஆயிற்றே. அக்காவைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.