நிமிடத்துக்கு 27

நாடி பார்த்து முடித்த பிறகும் நோயாளியின் மணிக்கட்டை விடக்கூடாது என்பார், தாதியர் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த மிஸ். "மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் அவர் மூச்சு விடும் விதமே மாறிவிடும், பிள்ளை. நாடி பார்ப்பதுபோலவே பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பார்." முழுதாக ஒரு நிமிடம். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கியவர்களை உடனே பிடித்துவிடுவார். அவர்கள் தாளில் ஒற்றை எண்ணே வராதே!

இரண்டாம் ஆண்டில் ஓர் இரவுப் பணி. அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள், ஓர் அம்மா. காய்ச்சல் இல்லை, இரத்த அழுத்தம் சரி. மூச்சு மட்டும் 27. எழுதினேன், தாளைக் கட்டில் காலடியில் மாட்டினேன், அடுத்த கட்டிலுக்குப் போனேன். விடியற்காலையில் அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். எண்ண எனக்குத் தெரிந்திருந்தது. அதை யாரிடம், எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு மாணவி வைத்தியரை எழுப்பலாமா என்பதுகூடத் தெரியாது. அந்த 27 இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

2012இல் பிரித்தானியாவில் அரச மருத்துவர் கல்லூரி வெளியிட்ட, நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே காட்டும் முன்னெச்சரிக்கைப் புள்ளி அட்டவணையைப் பார்த்தபோது அந்த அம்மாதான் நினைவுக்கு வந்தார். மூச்சு 25 அல்லது அதற்கு மேல் என்றால், அது ஒன்றுக்கே 3 புள்ளி. வேறெல்லாம் சரியாக இருந்தாலும் அவசரமாக ஆளைக் கூப்பிட வேண்டும்.

இப்போது நான் கற்பிக்கும் இடத்தில் மூச்சு விடும் பொம்மை இருக்கிறது. மாணவி எண்ணுவாள், பிறகு தொலைபேசியை எடுத்து வைத்தியரிடம் சொல்வாள்: நிலைமை, பின்னணி, என் மதிப்பீடு, எனக்கு வேண்டியது. முதல் தடவை எல்லாருக்கும் குரல் நடுங்கும். நாலாவது தடவை, "நீங்கள் இப்போதே வர வேண்டும்" என்று தெளிவாக வரும்.

தாதிக்குப் பட்டம் எதற்கு என்று இன்னமும் கேட்கிறார்கள். 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வைத்தான் நான் காட்டுவேன். 9 ஐரோப்பிய நாடுகள், 300 வைத்தியசாலைகள். பட்டதாரித் தாதியரின் பங்கு 10 வீதம் கூடிய இடங்களில், அறுவைச் சிகிச்சை பெற்றவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 வீதம் குறைந்திருந்தது. ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால் அதே வாய்ப்பு 7 வீதம் ஏறியது என்பதையும் சேர்த்தே சொல்வேன். படிப்பைக் கூட்டிவிட்டு ஆளைக் குறைத்தால் என்ன பயன்?

அப்புறம், நோயாளிகளும் மாறிவிட்டார்கள். நீரிழிவு, இதயநோய், மறதி எல்லாம் ஒருவருக்கே. அவரும் வீட்டில் இருக்கிறார். அங்கே கூப்பிட்டால் ஓடிவர அடுத்த கட்டிலில் இன்னொரு தாதி இல்லை. தனியாக நின்று முடிவெடுக்கவும் பிள்ளைகளைப் பழக்க வேண்டும்.

நான் படித்த கல்லூரியிலும் அப்படியொரு பயிற்சி அறை வேண்டும் என்பது என் ஆசை. விலை கூடிய பொம்மை பிந்தி வரட்டும். ஒரு கட்டில், ஒரு தொலைபேசி, மறுமுனையில் தூக்கம் கலைந்த வைத்தியராகப் பேச ஒருவர் போதும், அடுத்த தவணையிலேயே தொடங்கலாம். அந்த வைத்தியராகப் பேச நான் இங்கிருந்தே தயார். எந்த நேரத்திலும் எழுப்பச் சொல்லுங்கள்.